புதுச் சைலன்சரும் மூடிய கதவும்

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு நாற்பது. கராஜ் கதவின் பொத்தானை அழுத்துவதற்கு முன் மணிக்கூட்டைப் பார்த்தேன், அதனால் நேரம் மறக்கவில்லை. பக்கத்து வீட்டில் மூன்று மணிக்குப் படையல். அந்த வீட்டு அண்ணையின் தாயார் இறந்து எட்டாம் நாள். தெருவின் இரண்டு பக்கமும் கார்கள். என் மனைவி காலையிலிருந்தே அங்கே சமையலுக்கு உதவியாக நின்றாள்.

எங்கள் கராஜுக்குள் என் மகள். இருபத்திமூன்று வயது. குளிர் விட்டதும் ஓடுவதற்கென்று, தன் மோட்டார் சைக்கிளோடு வந்த சைலன்சரைக் கழற்றிவிட்டு, ஒன்லைனில் வாங்கிய கட்டையான ஒன்றைப் பூட்டிக்கொண்டிருந்தாள். துருவேறி இறுகிக் கிடந்த ஒரு போல்ட்டோடு காலை முழுக்கப் போயிருந்தது. பூட்டி முடித்து ஸ்டார்ட் செய்தபோது சமையலறை ஜன்னல் அதிர்ந்தது. ஓடிப்போனேன்.

"பிள்ளை, நிப்பாட்டு! பக்கத்தில அழுதுகொண்டு இருக்கினம்."

"பைவ் மினிட்ஸ் அப்பா. லீக் இருக்கோ எண்டு பாக்கவேணும். என்ஜின் சூடானாத்தான் தெரியும்."

"உது என்ன சத்தம்? ரெண்டு தெரு தள்ளிக் கேக்கும். சனம் என்ன நினைக்கும்?"

"சனம் வடை சாப்பிடுது. நீங்களும் போய்ச் சாப்பிடுங்கோ."

அவள் சிரித்தாள். நான் பொத்தானை அழுத்தினேன். பெரிய கதவு இறங்கி நிலத்தைத் தொட்டது. வீட்டுக்குள் வந்து, கராஜுக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள நடுக்கதவையும் இறுக்கிச் சாத்தினேன். அந்தக் கதவுக்கு மேலே, புகைக்கும் நச்சுவாயுவுக்கும் கத்தும் அலாரம் இருந்த இடத்தில் வெறும் ஆணி இருந்தது. தூளுக்கு மிளகாய் வறுக்கும்போதெல்லாம் கத்துகிறது என்று போன மாதம் நான்தான் அதைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டிருந்தேன்.

நான் விஞ்ஞானம் படித்தவன். என்ஜின் புகையில் வரும் காபன் மொனொக்சைட் நஞ்சு, அதற்கு நிறமில்லை, மணமில்லை என்று பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவன். அன்று எனக்குச் சத்தம் மட்டும்தான் தெரிந்தது.

மேல்மாடிக்குப் போய், படையலுக்குப் போகச் சட்டை மாற்றினேன். கீழே அவள் முறுக்க முறுக்கச் சத்தம் ஏறி இறங்கியது. பிறகு அடங்கி, ஒரே சீராக ஓடியது. சொல்லுக் கேட்டுவிட்டாள் என்று நினைத்தேன். தலையைக்கூட வாரினேன். சீப்பை வைக்கும்போதுதான் கை நின்றது. எவ்வளவு நேரமாக இது இப்படியே ஓடுகிறது?

படிகளில் இறங்கியது நினைவில்லை. நடுக்கதவைத் திறந்தேன். அவள் மோட்டார் சைக்கிளின் சில்லோடு சாய்ந்து நிலத்தில் இருந்தாள். மடியில் ஸ்பனர். தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. அலுத்துப்போய்க் கண்ணயர்ந்தவள் போல இருந்தாள். கூப்பிட்டேன். உலுக்கினேன். தலை மறுபக்கம் விழுந்தது.

சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். அந்தக் கதவு அவ்வளவு மெதுவாக எழும்பும் என்று எனக்கு அதுவரை தெரியாது. முழங்கால் உயரம் வந்ததும் அவளின் அக்குளில் கைகொடுத்து, குனிந்து, வெளியே இழுத்தேன். குளிர்ந்த சீமெந்தில் கிடத்திவிட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. பக்கத்து வீட்டுச் சனம் முழுக்க எங்கள் புல்லுக்கு ஓடி வந்தது. வேட்டியோடு வந்த அண்ணைதான் அம்புலன்ஸ் கேட்டு நைன் வன் வன்னுக்குப் போன் அடித்தார். மனைவி மாக்கையோடு வந்து பிள்ளையின் தலையை மடியில் வைத்தாள். "என்னப்பா செய்தனீங்கள்?" என்று என்னைக் கேட்டாள். சும்மா வாயில் வந்த கேள்வி.

மகள் குமட்டிச் சத்தி எடுத்தாள். கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், ஆனால் என்னை அடையாளம் தெரிந்ததாக அந்தப் பார்வையில் ஒன்றும் இல்லை. "அப்பா நிக்கிறன், பிள்ளை" என்றேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். கனநேரம் கழித்து, "தலை இடிக்குது" என்றாள்.

தெருமுனையில் சைரன் கேட்டது. கிட்ட வரவில்லை. இரண்டு பக்கமும் படையலுக்கு வந்த கார்கள்; அம்புலன்ஸ் நுழைய இடமில்லை. ஆண்கள் கார்ச் சாவிகளோடு ஓடினார்கள். ஒருவர் பின்னுக்கு எடுக்க, மற்றவர் குறுக்கே நின்றார். என் பிள்ளை மூச்சு விடுகிறாளா என்று அவளின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அம்புலன்ஸை அங்கேயே விட்டுவிட்டு, பையும் ஒக்சிஜனுமாக இரண்டு பேர் நடையும் ஓட்டமுமாக வந்தார்கள். முன்னால் வந்தவள் எங்கள் தமிழ்ப் பிள்ளை, மகளைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். முகமூடியை மாட்டி, மகளிடம் இன்று என்ன கிழமை என்று கேட்டாள். மகள் யோசித்து, சரியாகச் சொன்னாள். அதன் பிறகுதான் அந்தப் பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"வாசல்ல வேட்டியும் சனமுமாக் கண்டதும், செத்தவீடாக்கும், நாங்கள் லேட் எண்டு நினைச்சிட்டன், அங்கிள். இப்ப கதைக்கிறா, அது நல்லது. ஆனா பிளட் டெஸ்ட் பண்ணாமல் நான் ஒண்டும் சொல்ல ஏலாது. நீங்களும் உள்ளுக்க போய் அந்தப் புகையைச் சுவாசிச்சனீங்கள் எல்லோ? நீங்களும் வாங்கோ."