கீழ் அறைச் சுவரில் மாமனார்

பதுளைப் பக்கம் ஹாலிஎலயில் எங்கள் வீடு மலைச் சரிவில் நிற்கிறது. ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரே தட்டு வீடு. உள்ளே படியிறங்கினால் மலையைக் குடைந்து கட்டிய கீழ் அறை ஒன்று உண்டு. மூன்று பக்கமும் மண், நான்காவது பக்கத்தில் பேருக்கு ஒரு ஜன்னல். தேயிலைப் பெக்டரியில் தூள் சலித்து ஓய்ந்த என் மாமனார் அங்கேதான் கிடந்தார். அங்கேயே இருமி இருமிச் செத்தார். பெக்டரித் தூசிதான் நெஞ்சில் இறங்கிவிட்டது என்று எல்லாரும் பேசிக்கொண்டோம்.

அவர் போனபிறகு வந்த மழையில் அந்த அறையிலிருந்து நனைந்த கம்பளி வாடை அடித்தது. இறங்கிப் பார்த்தால், அவர் கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே சுவரில் கறுப்பாக ஒரு திட்டு. பூஞ்சணம் என்று எனக்குத் தெரியும். கணவர் டோர்ச் அடித்துப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கூன் விழுந்த தோள், தலையில் போட்ட கம்பளி, தொங்கிய தாடை. பொய் சொல்லமாட்டேன், எனக்கும் அது தெரிந்தது.

"அப்பா வந்துட்டாரு," என்றார்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி, விளக்கு. சுவருக்கு மஞ்சள் தண்ணீர் தெளிப்பு வேறு. நமுனுகுல மலைப் பக்கத்திலிருந்து வரும் காற்று விளக்கை அணைத்தது. அப்பாவின் விளக்கு அணையலாமா? சாக்கைச் சுருட்டி ஜன்னலை அடைத்தார். விளக்கு ஆடாமல் எரிந்தது. உருவமும் வளர்ந்தது. தீபாவளி வருமுன் அதற்குக் கை முளைத்து, கூரைப் பலகையைத் தொட எட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பலகைக்கு நேர்மேலே, மேல் அறையில்தான் எங்கள் மகள் படுப்பாள்.

அவளுக்கு இருமல் தொடங்கியது. இரண்டு வறட்டு இருமல், பிறகு நீளமாக ஓர் இழுப்பு. மாமனார் இருமியது அச்சாக அப்படித்தான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் வீட்டுக்காரருக்கோ முகமெல்லாம் மலர்ச்சி.

"கேட்டியா? அப்பா மாதிரியே. அவரு நம்மள விட்டுப் போகல."

"இருமுறது உங்க அப்பா இல்லங்க, எம்புள்ள!" என்று கத்தினேன். அவர் காதில் ஏறவில்லை.

அவள் உதடு லேசாக நீலம் பாய்ந்த அன்று, யாரிடமும் கேட்காமல் பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கிருந்த யாழ்ப்பாணத்து டொக்டர் அவள் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை எங்கை படுக்கிறவ? வீட்டிலை ஈரம், பூஞ்சணம் ஏதும் இருக்கோ?"

தலையாட்டினேன்.

"அதை எடுக்காமல் நான் மருந்து குடுத்துப் பிரயோசனமில்லை. இன்னும் இறுகினால் பிள்ளை தாங்காது."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என் மடியில் அவள் நெஞ்சு விசிலடித்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் அவளை முன்னறையில் கிடத்தினேன். குளோரினும் துணியும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, ஜன்னல் சாக்கைப் பிடுங்கி எறிந்தேன். கணவர் ஓடிவந்து சுவரை மறைத்து நின்றார்.

"முகத்த மட்டும் விட்டுரு," என்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடுவதாக இல்லை.

"முகத்துலதான் ஆரம்பிக்கப் போறேன். கட்டிலப் புடிங்க."

கட்டில் நகர்ந்ததும் பின்னாலிருந்த சுவர் தெரிந்தது. தலைமாட்டுப் பலகை மறைத்திருந்த இடம் முழுக்க, விரற்கடை கனத்துக்குப் பூஞ்சணம், பூனை முதுகு மாதிரி. மாமனாருக்கு முடியாமல் போன புதிதில், அவரை அசைக்க மனமில்லாமல் கட்டிலைச் சுற்றிச் சுண்ணாம்பு அடித்திருந்தோம். அந்தச் சுண்ணாம்பின் விளிம்பு பூஞ்சணத்தின் மேலேயே படிந்து காய்ந்திருந்தது.

கணவர் அந்த விளிம்பை விரலால் தடவினார்.

"அப்பா உசுரோட இருக்கும்போதே இது இருந்திருக்கு. இதுலதான் தலைய வச்சுப் படுத்திருக்காரு."

என் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டார். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, முகத்தை அவரே முதலில் துடைத்தார். தோளைத் துடைத்தார். பலகையைத் தொடப்போன கையைத் துடைத்தபோது தேம்பித் தேம்பி அழுதார்.

மறுநாள் வீட்டுக்கு மேல்புறம் ஆழமாகக் கான் வெட்டி மழைத்தண்ணீரைத் திருப்பிவிட்டார். விளக்கு மேலே மாமனாரின் படத்துக்கு முன்னால் போய்விட்டது. ஜன்னல் இப்போது திறந்தே கிடக்கிறது. சுவர் காயக் காய மகளின் இழுப்பும் குறைந்து, ஒருநாள் நின்றே போயிற்று.

ஆனாலும் மழை தொடங்கினால் இரண்டு பேரும் கீழே இறங்கிவிடுவோம். நான் ஈரம் ஏறியிருக்கிறதா என்று சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். அவர் காதை வைப்பார். முன்பு ஆசையாகக் கேட்ட அதே சத்தத்தை இப்போது பயந்து பயந்து தேடுகிறார்.

"இருமல் இல்ல," என்பார், கண்ணைத் திறக்காமலே. தலைக்கு மேலே பலகை அதிர அதிர மகள் குதித்துக்கொண்டிருப்பாள்.