பெட்டி இல்லாமல் வந்த ப்ராசஸர்

பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு வந்ததற்காக என் கணவரை இரண்டரை வருடம் திட்டியிருக்கிறேன். நேரில் திட்டியது ஒரு மாதம், மீதியெல்லாம் போனில். அவர் ஒருமுறைகூட எதிர்த்துப் பேசியதில்லை. சிரித்தபடி கேட்டுக்கொள்வார். எனக்கு வாய்த்த மனிதர் எவ்வளவு பொறுமைசாலி என்று சபையில் பெண்கள் கூட்டத்தில் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். அந்த முட்டாள்தனத்தை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கல்யாண வீடியோ எடிட் செய்வது என் வேலை. பக்கத்து டவுனான கருங்கலில் இரண்டு ஸ்டுடியோக்காரர்கள் எடுத்துத் தருவதை வீட்டிலிருந்தே வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்துக் கொடுப்பேன். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களுக்கு ஒரு தனி அவசரம் உண்டு. மாப்பிள்ளைகளில் பலர் வளைகுடாவில் இருப்பவர்கள். ஒரு மாத லீவில் வந்து, கல்யாணம், மறுவீடு, சொந்தக்காரர் வீட்டு விருந்துகள் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு திருவனந்தபுரத்தில் விமானம் ஏறிவிடுவார்கள். அதற்குள் வீடியோ கைக்குப் போய்ச் சேர வேண்டும். மாப்பிள்ளை போன பிறகு கொடுத்தால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். அடுத்த வேலையைத் தராமல் விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான்.

என் பழைய கம்ப்யூட்டர் ஒரு முழுக் கல்யாணத்தை வீடியோவாக்கித் தர ஒரு பகல் போதாமல் முக்கும். அதனால்தான் ஓவர்கிளாக் செய்யக் கற்றுக்கொண்டேன். ப்ராசஸருக்குக் கம்பெனி குறித்திருக்கும் வேகத்துக்கு மேலே அதை ஓட வைப்பதுதான் ஓவர்கிளாக். வேகத்தைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும், அது திணறாமலிருக்க வோல்டேஜைக் கொஞ்சம் கூட்ட வேண்டும், சூடாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லா ப்ராசஸரும் இதற்கு இடம்கொடுக்காது. கொடுக்கும் ஒன்றைத்தான் கணவரிடம் வாங்கி வரச் சொன்னேன். அவர் துபாயில் ஒரு கட்டடக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர்.

சொல்லும்போதே பெட்டியோடு வேண்டும் என்று சொன்னேன். எழுதியும் அனுப்பினேன். ஒரே ப்ராசஸர் கடையில் இரண்டு விதமாகக் கிடைக்கும். பெட்டியில் வருவதற்குக் கம்பெனியே மூன்று வருட வாரண்டி தரும், அதை எங்கே வாங்கினாலும் இங்கே கேட்கலாம். கம்ப்யூட்டர் கட்டி விற்பவர்களுக்காகத் தட்டு தட்டாக வருவதை ட்ரே என்பார்கள். அதற்குக் கம்பெனியிடம் நாம் போக முடியாது, விற்ற கடைக்காரன் தருகிற வாரண்டிதான். விலை குறைவு என்பதால் ஓவர்கிளாக் செய்கிறவர்கள் பலர் அதையே வாங்குவார்கள். நான் அப்படித் துணியவில்லை. ஓவர்கிளாக் செய்து எரிந்து போனால் பெட்டி வாரண்டியும் செல்லாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் எரிந்ததைப் பார்த்து யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள், ஒன்றும் தெரியாதவள் மாதிரி மாற்றிக் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். நானும் பெரிய யோக்கியை இல்லை.

அவர் லீவில் வந்தார். ஜெபம் முடிந்து, வீட்டு ஆட்களும் அவருடைய தங்கையும் சுற்றி உட்கார்ந்திருக்க, பயணப் பெட்டிகளைத் திறந்தார். என் ப்ராசஸர் ஒரு காலுறைக்குள்ளிருந்து வந்தது. சின்ன பிளாஸ்டிக் கூட்டுக்குள் வெறுமையாக இருந்தது.

"இதுக்க பெட்டி எங்க?" என்று கேட்டேன்.

"பெட்டி சும்மா பெருசு, உள்ள இத்திரிப்போல சாதனம். வெயிட்டு கூடிச்சுன்னு ரூமிலயே வலிச்செறிஞ்சேன்."

எங்கள் ஊரில் இதை நம்பாத ஒருத்தி இருக்க மாட்டாள். வளைகுடாவிலிருந்து வருகிற எந்த ஆணும் சோப்பு முதல் செல்போன் வரை அட்டையை உரித்து எறிந்துவிட்டுத்தான் பெட்டி கட்டுவான். உரித்த இடத்தில் இன்னும் இரண்டு பால்பவுடர் டின்னைத் திணிப்பான். ஆனால் அவருடைய தங்கைக்கு வந்த மிக்ஸி மட்டும் அட்டை, தெர்மாகோல், வாரண்டிச் சீட்டு எல்லாவற்றோடும் வந்திருந்தது. அதையும் சேர்த்துத்தான் திட்டினேன். பெட்டி போனாலும் ப்ராசஸரின் மேல்தகட்டில் நம்பர் பொறித்திருக்கிறது, வாங்கிய கடையில் பில்லின் நகல் கேட்டுக்கொள்ளலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இரண்டு வருடத்துக்கு மேல் அது நன்றாகவே ஓடியது. ஸ்டுடியோக்காரர்கள், அவசர வேலை என்றால் என்னைத்தான் கூப்பிட்டார்கள். போன வருடம் என் கணவருக்கு மூன்று மாதம் சம்பளம் வராமலிருந்தபோது வீடு ஓடியது இதில்தான்.

பிறகு இந்த மார்ச்சில் ஒரு கல்யாணம் வந்தது. திங்கட்கிழமை கல்யாணம், சனிக்கிழமை மாப்பிள்ளைக்கு விமானம். அந்த மாப்பிள்ளை ஸ்டுடியோக்காரரிடம் என் நம்பரை வாங்கி அவரே பேசினார்.

"அக்கா, ரெண்டு வருசம் கழிச்சுத்தான் இனி லீவு. போறதுக்கு முன்ன நாங்க ரெண்டுபேரும் ஒண்ணா இருந்து ஒருதடவ பாக்கணும். அது போதும்."

எனக்கு அது என்னவோ செய்தது. என் கல்யாண வீடியோவை நான் தனியாகத்தான் பார்த்தேன். இதை எப்படியாவது வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று வேகத்தை இன்னும் ஒரு படி ஏற்றினேன், வோல்டேஜையும் கூட்டினேன். வியாழக்கிழமை மதியம் திரை அப்படியே நின்றது. அணைத்துப் போட்டேன், உயிர் வரவில்லை. கருங்கலில் ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் ரிப்பேருக்கு வந்திருந்த வேறு யாருடையதோ ஒரு ப்ராசஸரைப் பொருத்திப் பார்த்தார், மற்ற எல்லாம் சரியாக இருந்தது.

"ப்ராசஸர்தான் போச்சு. வாரண்டி உண்டா?" என்றார்.

"உண்டு" என்றேன், தைரியமாக.

அவருடைய கடையிலேயே கம்பெனியின் பக்கத்தைத் திறந்து நம்பரை அடித்தோம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இது ட்ரே ப்ராசஸர், வாங்கிய இடத்தில் தொடர்புகொள்ளவும் என்று வந்தது. நம்பரைத் தப்பாகப் பார்த்துவிட்டேனோ என்று மூன்று தடவை அடித்தேன். கடைக்காரர் வேறு வேலையைப் பார்க்கப் போனார்.

வெளியே பஸ் ஸ்டாண்டுச் சத்தத்தில் நின்று கணவரைக் கூப்பிட்டேன்.

"நீங்க வாங்கினது ட்ரேயாக்கும். இதுக்குப் பெட்டியே இருந்திருக்காதே."

"ஆமா" என்றார். "ரெண்டும் ஒரே சாதனம்தான்னு கடைக்காரன் சொன்னான். வெலயும் கொறவு. மிச்சத்துல தங்கச்சிக்கு மிக்ஸி வாங்கினேன்."

"பின்ன ஏன் எறிஞ்சேன்னு சொன்னீங்க?"

"நீ பெட்டி எங்க, பெட்டி எங்கன்னு நின்ன. வாயில வந்தத சொன்னேன். நீயும் நம்பிட்ட."

"கடைக்காரன் வாரண்டி தந்தானா?"

"ஒரு வருசம் தந்தான். அது எப்பவே தீந்தாச்சு. நீ எதுக்கு மக்கா இப்பிடிக் கெடந்து துடிக்க? நீ வீட்டுல இருந்து நேரம்போக்காட்டு செய்யுத சோலிதானே. அதுக்குப் போய் வாரண்டி என்னத்துக்கு?"

அதை அவர் கோபத்தில் சொல்லவில்லை. ஆறுதலாகச் சொன்னார். ஏசியிருந்தால் பதிலுக்கு நானும் ஏசியிருப்பேன். இத்தனை நாள் நான் திட்டத் திட்ட அவர் சிரித்தது பொறுமையினால் அல்ல, சின்னக் குற்றத்துக்கு வாங்கும் திட்டோடு பெரிய குற்றம் தப்பிப் போகிறதே என்ற நிம்மதியினால்தான். எனக்கு அவமானமாக இருந்தது. பொய் சொன்னதைவிட, தங்கையின் மிக்ஸிக்கு வாரண்டி வேண்டும், என் வேலைக்கு வேண்டாம் என்று அவர் அத்தனை இயல்பாக நினைத்திருந்ததுதான் தாங்க முடியவில்லை.

அந்த வகை ப்ராசஸர் நாகர்கோவிலில் எங்கேயும் இல்லை. சென்னையிலிருந்து வந்து சேர்ந்தபோது அடுத்த செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது. பெட்டியோடு வந்தது. மாப்பிள்ளை சனிக்கிழமையே போய்விட்டிருந்தார்.

அந்த வாரக் கடைசியில் கல்யாணப் பெண்ணே வீடியோவை வாங்கிக்கொள்ள வந்தாள். புதுத் தாலிச்செயின் சேலைக்கு வெளியே கிடந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன்.

"இருக்கட்டும் அக்கா. அவங்களுக்குப் போன்ல அனுப்பிருவேன்" என்றாள். முகத்தில் குறை ஒன்றும் காட்டவில்லை. ப்ராசஸர் எரிந்துவிட்டது என்று சொன்னேன். நான்தான் எரித்தேன் என்பதைச் சொல்லவில்லை.

அவள் பர்ஸைத் திறந்து, பேசியிருந்த தொகையை எடுத்தாள். ஒரு பைசா வாங்கக் கூடாது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தபோது, அடுக்களையிலிருந்து என் மாமியார் காப்பியோடு வந்தார்.

"பைசா எதுக்கு மக்கா? இவ வேற சோலி இல்லாம சும்மா இருந்து செய்யுதது. நீ உள்ள வை" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் கையை நீட்டினேன். அவள் முகம் மாறுவது தெரிந்தது. தெரிந்தும் முழுத் தொகையையும் வாங்கி, அவள் முன்னாலேயே எண்ணினேன்.