புளி லாரியில் ஓர் ஒத்திகை

பால்வாடி ஆசிரியை வேலைக்கு வேலூரில் நேர்முகத் தேர்வு. போன முறை வாயைத் திறக்கவே முடியாமல் திரும்பியவள் நான். இம்முறை பேருந்தையும் தவறவிட்டு, ஜவ்வாது மலையிலிருந்து புளி ஏற்றிப்போன லாரியில் ஏறினேன். டிரைவருக்கு நரைத்த முறுக்கு மீசை. எதைச் சொன்னாலும் காதருகே கையைக் குவிப்பார்.

"பேர் இன்னாம்மா?"

சொன்னேன்.

"கேக்கலியே! எஞ்சின் சத்தத்துக்கு மேல சொல்லு."

ஊர், படிப்பு, ஏன் இந்த வேலை என்று அவர் கேட்க, வளைவுக்கு வளைவு கத்திக்கொண்டே வந்தேன். வேலூரில் இறங்கி, "வர்றேங்க" என்று முனகினேன். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"தகிரியமா போய்ட்டு வாம்மா" என்றார் உடனே.

தேர்வறையில் என் குரல் கணீரென்று வந்ததில் அதிகாரிகளே சிரித்துவிட்டார்கள். நடுக்கம் போயிற்று, வேலையும் கிடைத்தது.

அந்த முனகல் மட்டும் அவருக்கு எப்படிக் கேட்டதோ!