பேஸ்மெண்டில் கிடந்த துவக்கு

"உன்ரை யூனிவர்சிற்றியிலை துவக்குக்கும் ஒரு பாடம் இருக்கோ, பிள்ளை?" என்று மாமா கேட்டார். கேட்டுவிட்டு அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அப்பா சிரிக்கும் நிலையில் இல்லை.

நான் அப்போது பொறியியல் இரண்டாம் வருடம். துவக்குக்குப் பாடம் இல்லைதான். ஆனால் எங்கள் வீட்டுப் பாடத்திட்டம் வேறு. அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அப்பா இரண்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். ஆகவே எழுத்து உள்ள எந்தப் பொருளும் முதலில் என் முன்னால்தான் வரும். கரண்ட் பில், இருமல் மருந்து, கீழ் வீட்டில் வாடகைக்கு இருப்பவள் கதவில் ஒட்டிவிட்டுப் போன கோபக் கடிதம், எதுவானாலும் நான் வாசித்து இன்னது என்று சொல்லுவேன். அதில் எனக்குப் பெருமை, இப்போதும் குறையவில்லை.

அந்தச் சனிக்கிழமை குசினி மேசைக்கு வந்தது ஒரு துவக்கு.

பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் அந்த மாடி வீட்டை ஒரு கிரேக்கக் கிழவரிடமிருந்து வாங்கியிருந்தோம். பேஸ்மெண்டைத் திருத்த அப்பா கூரைப் பலகையொன்றைக் கழற்றியபோது, எண்ணெய்த் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று அவருடைய தோளில் விழுந்தது. பின்னாலேயே ஒரு ஒலிவ் தகரம். திறந்தால் ஒலிவ் இல்லை, துப்பாக்கி ரவைகள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பாவுக்குக் குடியுரிமைச் சத்தியப்பிரமாணம். அதற்கென்று வாங்கிய கோட்டு விலைச் சீட்டோடு அறைக்குள் தொங்கியது.

"அகதி எண்டு சொல்லி வந்தவன்ரை கூரைக்குள்ளை துவக்கு," என்றார் அப்பா. "ஆர் நம்புவினம், சொல்லு பாப்பம்?"

அம்மா உடனே பக்கத்துப் பகுதியான வில்லரேயில் இருந்த தன் அண்ணனைக் கூப்பிட்டார். மாமாவுக்குத் துவக்கெல்லாம் தண்ணி பட்ட பாடு என்பது சொந்தத்துக்குள் எல்லோருடைய நம்பிக்கையும். மாமா வந்து மேசையை இரண்டு முறை சுற்றினார். குனிந்தார், நிமிர்ந்தார், செருமினார்.

"ஒருக்கா வெடிச்சால் சொல்லிப்போடுவன்," என்றார்.

எங்கள் ஆட்களின் சிக்கல் இதுதான். அவர்கள் துவக்குகளைப் பங்கருக்குள் குப்புறக் கிடந்து படித்தவர்கள். சத்தம் கேட்டால் என்ன துவக்கு, எந்தப் பக்கம், எத்தனை கட்டை தூரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார்கள். சத்தம் போடாத துவக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் எங்கள் வீட்டில் யாருமில்லை.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரும்பில் பதித்திருந்த அடையாளத்தைத் தடவினார். ஒரு கிரீடம், அதன் கீழே சிலுவை போட்ட கேடயம்.

"சிலுவை கிடக்கு. இது போர்த்துக்கேயன்ரை."

"இஞ்சத்தைப் போர்த்துக்கேயன் கோழி வாட்டியெல்லே விக்கிறான், அண்ணை?" என்றார் அம்மா.

மாமா அதைக் கேட்காதவர்போல ஒலிவ் தகரத்துக்குள் கையை விட்டார். வெளியே வந்த ரவையைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"இது த்ரீ நோட் த்ரீ! ஊரிலை பொலிஸ்காரர் வைச்சிருந்தது. சின்னனிலை இந்தக் கோதைத்தான் ஊதி விசில் அடிச்சனாங்கள்." அடுத்த கணமே முகம் இறுகியது. "அப்ப துவக்கும் பொலிசின்ரை. மச்சான், கிழவன் பொலிசிட்டைக் களவா அடிச்சிருக்கிறான்."

அப்பா கதிரையில் இருந்துவிட்டார். அம்மா யன்னல் சீலையை இழுத்து மூடினார். ஊரில் என்றால் கிணறு இருந்தது. வீட்டில் இருக்கக்கூடாத எதுவும் சோதனைக்கு முன்னர் அதற்குள் போகும். இங்கே கிணறு இல்லாததால் மாமா ஆற்றைத் தெரிவு செய்தார். கம்பளத்தில் சுற்றிக் காரில் கொண்டுபோய்ப் போட்டுவிடலாமாம்.

அப்போதுதான் நான் பல்கலைக்கழகத்துக்கென்று வாங்கிய கலிப்பர் என்ற அளவுக் கருவியோடு குசினிக்குள் வந்தேன். யூனிவர்சிற்றிப் பாடம் பற்றி மாமா அந்தக் கேள்வியைக் கேட்டதும் அப்போதுதான்.

நான் அளக்கத் தொடங்கினேன். துவக்கின் வாய் ஆறரை மில்லிமீற்றர். மாமாவின் ரவையோ கிட்டத்தட்ட எட்டு. அடிப்பக்கத்தில் அதற்கு வெளியே தள்ளிய விளிம்பு வேறு. வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி, பூட்டைப் பின்னால் இழுத்துப் பார்த்தேன். உள்ளே ரவை இல்லை. ரவைகள் அடுக்கும் இடத்தில் தையல் மிசினில் நூல் சுற்றும் பொபின்போல ஓர் உருளை சுழன்றது. அறைக்குள் போய், தொலைபேசிக் கம்பி வழியாக இன்ரநெற் கீச்சிட்டு இணையும்வரை காத்திருந்து, தேடினேன். பழைய படைத் துவக்குகளைச் சேர்ப்பவர்களின் பக்கமொன்றில் அதே கிரீடம், அதே சிலுவை, அதே உருளை. ஓஸ்திரியாவில் செய்து கிரேக்கப் படைக்கு விற்ற துவக்கு. அதற்குரிய ரவை மெலிந்தது, நீண்டது, மூக்கு உருண்டது. தகரத்தில் அப்படி ஒன்றுகூட இல்லை. இருந்தவை இங்கே மான் வேட்டைக்குப் போகிறவர்களும் பாவிப்பவை.

வெளியே வந்து சொன்னேன். "மாமா, ரெண்டுக்கும் சாதகப் பொருத்தமே இல்லை. ரவை வேறை ஆளின்ரை. துவக்கு கிரேக்கன்ரை. பொலிசிட்டை ஒருத்தரும் அடிக்கேல்லை."

"கிரேக்கனோ கிறுக்கனோ," என்றார் மாமா, "இருந்தது உங்கடை கூரைக்குள்ளை."

சொல்லிக்கொண்டே, நான் அறைக்குள் இருந்த நேரத்தில் துவக்கையும் தகரத்தையும் வைத்துச் சுற்றியிருந்த கம்பளத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினார். எங்கள் மேல் வீட்டுக்கு வெளிப்புறத்தில் சுருள் இரும்புப் படி. நாலாம் படியில் கம்பளத்தின் முன்பக்கம் கம்பியில் மாட்டியது, பின்பக்கம் சுவரில் மாட்டியது, மாமா நடுவில் மாட்டினார்.

"தள்ளு, மச்சான்!"

"தள்ளினால் வெடிக்குமோ?" என்றார் அப்பா.

"மேலை கொண்டு வாங்கோ, மாமா," என்றேன். "நான் பொலிசுக்குப் போன் எடுத்திட்டன்."

அப்பா என் பக்கம் திரும்பினார்.

"எப்ப?" என்றார் அப்பா.

"இன்ரநெற்றை நிப்பாட்டின உடனை. கிரேக்கப் படையின்ரை பழைய துவக்கு, உள்ளுக்கை ஒண்டுமில்லை, தகரத்திலை இருக்கிற ரவை அதுக்குப் பொருந்தாது எண்டு சொன்னனான். வெள்ளிக்கிழமையைப் பற்றியும் கேட்டனான்."

அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டார். "என்னவாம்?"

"வீட்டுக்குள்ளை கண்டெடுத்ததைத் தானாக் கூப்பிட்டுக் குடுக்கிற மனிசன் ஏன் பயப்பிட வேணும் எண்டு போனிலை கதைச்ச பொலிஸ்காரி கேட்டவ. கோட்டைப் போட்டுக்கொண்டு போகட்டாம்."

அப்பா மெதுவாகக் கீழே இறங்கி, கம்பளத்தின் மறுமுனையைத் தூக்கினார், மேலே கொண்டுவர.

"ஐயோ, ஊ ஊ எண்டு கத்திக்கொண்டெல்லே வருவாங்கள்," என்றார் அம்மா. "தெரு முழுக்க வெளியாலை வந்து நிக்கும்."

சைரன் போடாமல் வரச்சொல்லி நான் பிரெஞ்சிலேயே கேட்டுவிட்டிருந்தேன்.