இருநூறு காய் சரியாக இருந்தது

பச்சை ஏலக்காய் காயும் அறைக்குள் நுழைந்தால் முதலில் கண் எரியும். அப்புறம் தொண்டை குளிரும். வெளியே வந்து வெகு நேரம் ஆனாலும் வியர்வையில் ஏலக்காய் மணக்கும்... போடி பஸ்சில் பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள்.

நான் கெமிக்கல் இன்ஜினியரிங்கில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்த காலம். யுனிவர்சிட்டி சென்னையில், சொந்த ஊர் போடி. ஏலக்காய் காயும்போது அதிலிருந்து ஈரம் எந்த வேகத்தில் வெளியேறுகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. லேபில் ஒரு சின்ன டிரையரில் செய்து பார்த்தாயிற்று. நிஜமான இடத்திலும் பார்த்துவிடு என்றார் கைடு.

அதனால் காய் எடுக்கும் சீசனில் அம்மா வீட்டில் தங்கி, குரங்கணிக்கு மேலே ஒரு எஸ்டேட்டின் ஸ்டோருக்கு ஜீப்பில் போய் வந்தேன். ஸ்டோர் என்றால் கடை இல்லை. விறகுச் சூட்டில் ஏலக்காயைக் காயவைக்கும் கட்டடம்.

“ஏலக்கா காயறதப் பாக்கத்தானா ஆத்தா இம்புட்டுப் படிச்ச?” என்று அம்மா கேட்பார்.

ஸ்டோரில் தீயைப் பார்த்துக்கொண்டவர் ஈஸ்வரி. என் வயதுதான் இருக்கும். என்னை டீச்சர் என்றே கூப்பிடுவார். நான் டீச்சர் இல்லை என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன்.

ஒரு வலைப்பையில் எண்ணி இருநூறு காய் போட்டு, மற்ற காய்களோடு தட்டில் வைப்பேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடை போட வேண்டும். சாயங்காலம் கடைசி ஜீப்பில் நான் இறங்கிய பிறகு ஈஸ்வரி எடை போட்டு நோட்டில் எழுதி வைப்பார். காலையில் வந்து பையைப் பிரித்து எண்ணுவேன். இருநூறு. ஒருநாளும் ஒன்று குறைந்ததில்லை.

ஈரம் போகப் போக எடை குறைய வேண்டும், அவ்வளவுதானே? ஆனால் என் கிராஃப் பாதி வழியில் கொஞ்சம் மேலே ஏறி, மறுபடி இறங்கியது. அதுவும் எல்லா நாளும் இல்லை... மூன்று நாளில் ஒருநாள்.

தராசை மாற்றினேன். பையை மாற்றினேன். ஈஸ்வரி மேல் சந்தேகப்பட்டு, என் எதிரிலேயே எடை போடச் சொன்னேன். என்னைவிடக் கவனமாகப் போட்டார்.

கைடுக்கு மட்டும் குழப்பமே இல்லை. “தீ தணியறப்ப மலைப்பனி உள்ள வருதும்மா. காய் மறுபடி ஈரத்தை உறிஞ்சுது. இது புதுசு!” என்றார். அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. பேப்பர் பேப்பராகப் படித்தேன். சமன்பாட்டில் பனிக்கென்று தனியாக ஒன்றைச் சேர்த்தேன். கிராஃப் அழகாகப் பொருந்தியது. கான்ஃபரன்சில் ஏற்றுக்கொண்டார்கள்.

அப்போதும் ஒன்று உறுத்தியது. அதே மலை, அதே பனி, அதே தீ... நேற்று ஏன் ஏறவில்லை?

சீசன் முடிந்து சாமான்களைக் கட்டும்போது, சாக்கின் மேல் உட்கார்ந்து டீ குடித்தபடி சும்மாதான் கேட்டேன்.

“ஈஸ்வரி, இந்தப் பையை நடுவுல யாராச்சும் தொடுவாங்களா?”

அவர் முகம் மாறிவிட்டது.

“சொன்னா வையக் கூடாது டீச்சர்.”

“சொல்லுங்க.”

“சூப்பர்வைசர் சேட்டன் சில நாள் ராத்திரி வருவாக. காய் எம்புட்டுக் காஞ்சிருக்குன்னு பாக்க உங்க பையிலதான் கைய விடுவாக. அதுதானே வெரசா எடுக்க வருது. ஒரு கை அள்ளி, உடைச்சுப் பாத்துட்டு, ரெண்ட வாயில போட்டுட்டுப் போயிருவாக.”

“அப்புறம்?”

“நீங்க காலைல எண்ணுவீகல்ல? குறைஞ்சா நான் எடுத்தேன்னுதானே ஆகும்? சோலி முடிஞ்சு போகையில கேட்டுல எங்க மடியத் தடவிப் பாத்துத்தான் விடுறாக. அதான் குறையிறத எண்ணி, வேற தட்டுல இருந்து போட்டுருவேன்.”

வேறு தட்டில் இருந்தது அன்றைக்கு வந்த பச்சைக் காய். நீரும் கனமுமாக.

தினமும் எண்ணினேனே தவிர, காயைப் பார்க்கவே இல்லை நான்.

“எஸ்டேட்டுல சொல்லிராதீக டீச்சர். சேட்டனுக்கு ஒண்ணும் ஆகாது. எனக்குத்தான் சோலி போகும்.”

சென்னை வந்து ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கிராஃப்தான் பொருந்துகிறதே... கடைசியில் கைடு அறைக்குப் போய், “சாம்பிள் கலந்துபோச்சு சார். என் தப்பு” என்றேன்.

“எப்படிக் கலந்துச்சு?”

“நான் சரியா கவனிக்கல சார்.”

“பேப்பரை வித்ட்ரா பண்ணிரு” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த சீசனில் மறுபடி மலை ஏறினேன். சேட்டனுக்கென்று தனியாக ஒரு பை வைத்தேன். அவர் சந்தோஷமாக அதில் கைவிட்டார். என் கிராஃப் ஒழுங்காக இறங்கியது, ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த மாதிரியே. தீசிஸ் ஒரு வருடம் தள்ளிப்போய் முடிந்தது.

இப்போது ஒரு கம்பெனியில் டிரையர்களோடுதான் வேலை. எடை தானாக ஸ்கிரீனில் வந்து விழுகிறது. நடுவில் யார் கையும் இல்லை. தப்பு நடந்தால் சிவப்பு விளக்கு எரியும். வேலையில் குழப்பம் என்பதே கிடையாது.

போன வாரம் ஏதோ தேடும்போது என் தீசிஸ் ஆன்லைனில் கிடைத்தது. நன்றிப் பக்கத்தைப் படித்தேன். கைடு, டிபார்ட்மென்ட், எஸ்டேட் முதலாளி, சேட்டன்கூட இருக்கிறார். ஈஸ்வரி இல்லை.

பெயரைப் போட்டால் யாராவது ஏதாவது கேட்பார்கள், அவர் வேலைக்கு ஆபத்து என்று அப்போது நினைத்தேன். நிச்சயமாக அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கேட்டிருந்தால், ஒரு சீசன் முழுக்க நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றும் கேட்டிருப்பார்கள்...

ஈஸ்வரி இப்போது அந்த எஸ்டேட்டில் இல்லையாம். குடும்பத்தோடு கேரளா பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அந்தப் பெயரை யாருக்காக விட்டேன்? அன்றைக்குக் கேட்டிருந்தால் ஈஸ்வரிக்காக என்று பட்டென்று சொல்லியிருப்பேன். இன்றைக்குத் தெரியவில்லை.