ஒரே பெயரில் இரண்டு ரிப்போர்ட்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலைக்கு இருந்தது நான் ஒருத்திதான். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். தோல் பரிசோதனை ரிப்போர்ட்டுகளை லேபிலிருந்து ஏற்றவும், ஷூ வாங்கும் வெளிநாட்டுப் பையர் அவற்றை இறக்கிக்கொள்ளவும் ஒரு சின்ன வெப் அப்ளிகேஷன் எழுதியிருந்தேன். எல்லா ஃபைலும் வந்த பெயரிலேயே ஒரே ஃபோல்டருக்குப் போகும். அதே பெயரில் இன்னொன்று வந்தால் பழையது சத்தமில்லாமல் அழிந்துவிடும். என் தப்புதான். ஒரு மாதத்தில் அதைக் கண்டுபிடித்து மேனேஜரிடம் போனேன்.

"ரெண்டு நாள் குடுங்க சார். ஒவ்வொரு ஃபைலுக்கும் தனி நம்பர் போட்டுடறேன்."

"ஓடுதுல்ல? ஓடறத இன்னாத்துக்கு நோண்டற? ஷிப்மென்ட் முடியட்டும்."

விட்டுவிட்டேன்.

லேபில் ஒரு அக்கா, ஜோலார்பேட்டையிலிருந்து தினமும் ரயிலில் வருபவர். ஒரு நாள் காலை பிரவுன் தோலின் ரிப்போர்ட்டை ஸ்கேன் செய்து ஏற்றினார். மதியம் பக்கத்து மேசைக்காரர் வேறு ஸ்கேனரிலிருந்து, சாயம் போகிற கறுப்புத் தோலின் ரிப்போர்ட்டை ஏற்றினார். இரண்டு ஸ்கேனரும் ஒரே பெயரைக் கொடுத்திருந்தன. பையர் பிரவுனைத் திறந்தால் கறுப்பு வந்தது. ஆர்டரை நிறுத்தி வைப்பதாக மெயில் போட்டுவிட்டார்.

மேனேஜர் எல்லார் எதிரிலும் அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு தெரியலன்னா வூட்ல கெடக்க வேண்டியதுதான?"

"சரியாத்தான் சார் ஏத்தினேன். தெறந்துகூட பாத்தேன்."

"நாளைலேர்ந்து வராத."

அக்கா டிபன் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். நான் மேனேஜர் அறைக்கு ஓடினேன்.

"அக்கா மேல தப்பில்ல சார். சிஸ்டம்தான்."

"தெரியும்" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "சிஸ்டம் தப்புன்னா பையர் எல்லா ரிப்போர்ட்டையும் சந்தேகப்படுவான். ஆள் தப்புன்னா ஒரு மெயில்ல முடிஞ்சிடும். வாய மூடிக்கினு வேலயப் பாரு."

அந்தத் 'தெரியும்' இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அதைவிட உறுத்துவது, மூன்று நாள் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் பையரின் ஆள் சென்னையிலிருந்து வந்தார். "கவனமில்லாத ஒரு லேடி சார், அனுப்பிட்டோம்" என்று மேனேஜர் சிரித்தார். நான் கம்ப்யூட்டரை வந்தவர் பக்கம் திருப்பி, ஒரே பெயருள்ள இரண்டு ஃபைல்களை அடுத்தடுத்து ஏற்றினேன்.

"மொதல்ல ஏத்தினத இறக்குங்க சார்."

இறக்கினார். இரண்டாவது திறந்தது. மறுபடி இறக்கினார். அதுவேதான்.

"அப்ப எதுக்கு அந்தம்மாவ அனுப்பினீங்க?" என்று மேனேஜரைக் கேட்டார்.

பிறகு எனக்கு அதே இரண்டு நாள் கிடைத்தது. தனி நம்பர் போட்டு முடித்தேன். அக்காவைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி என்னையே அனுப்பினார்கள்.

"அத்தினி பேர் எதிர்ல திட்டினாரே, அத்தினி பேர் எதிர்ல என் தப்பு இல்லன்னு சொல்வாரா?" என்று தன் வீட்டு வாசலிலேயே கேட்டார் அக்கா.

கதவைப் பாதி சாத்தியபடி மறுபடி கேட்டார்.

"நீயும் அங்கதான நின்னுக்கினு இருந்த?"

அவர் வரவில்லை. வாணியம்பாடியில் வேறு லேபில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மேனேஜருக்குப் பதவி உயர்வு வந்தது. அந்த வாரமே ராஜினாமா எழுதி, நடந்தது அத்தனையும் காரணமாகப் போட்டேன்.

"சொந்தக் காரணம்னு மாத்திக் குடும்மா" என்றார் மேனேஜர்.

"மாத்த மாட்டேன் சார். இப்பிடியே ஃபைல் பண்ணுங்க."