பக்கத்துப் பாய்க்காரி

மார்த்தாண்டத்தில் முதல் யோகா வகுப்புக்குப் போன அன்று, தெம்பாக இருக்கட்டுமே என்று மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தேன். மல்லாந்து படுத்து, முழங்கால்களை வயிற்றோடு சேர்த்து அணைக்கச் சொன்னார் டீச்சர். அணைத்தேன். அறை முழுக்கக் கேட்கும்படி சத்தம் வந்துவிட்டது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

பக்கத்துப் பாயில் படுத்திருந்த, பெயர்கூடத் தெரியாத பெண் சட்டென்று, "நானாக்கும் டீச்சர். காலையில பயறு தின்னுட்டு வந்துட்டேன்" என்றாள். எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அடுத்த தடவ வெறும் வயித்தோட வா மக்கா" என்று என் பக்கம் திரும்பிக் கிசுகிசுத்தாள்.

இப்போது புதிதாக வருகிறவர்களிடம் நானும் அதையே சொல்கிறேன். கேட்காமல் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களுக்குப் பக்கத்தில் என் பாயை விரித்துக்கொள்கிறேன்.